ஈரம் காயாத பெல்ட்

ஐந்து மாதமாக யாரும் தண்ணீரில் இறக்காத பெல்ட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பம்ப் ரூம் கதவைத் திறந்த முனிவேல் முதலில் கூரையைத்தான் பார்த்தான். சிமெண்ட் ஷீட்டில் ஓட்டை இல்லை. மழை பெய்து இருபது நாளாகிவிட்டது. கிரீஸும் எலிப்புழுக்கையும் சேர்ந்து நாறுகிற அந்த அறையின் சுவரில், ஒற்றை ஆணியில், கறுப்பு நைலான் பட்டையும் அதில் கோத்த ஆறு ஈயக்கட்டிகளுமாக அது தொங்கியது. நேர் கீழே தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். குனிந்து மோந்தான். குவாரித் தண்ணீரின் வாடையேதான். கல்தூள், பாசி, கொஞ்சம் துருப்பிடித்த இரும்பு.

அதைவிட அவனுக்கு எரிச்சல் மூட்டியது பக்கிள். போன வாரம் அதைத் திறந்து, பட்டையை இரண்டாக மடித்து மாட்டியவன் அவன்தான். இப்போது அது பூட்டியிருந்தது. ஓர் ஆளின் இடுப்பளவுக்கு வட்டமாக.

"எவன்டா இதுல கை வெச்சது?"

வெளியே கயிறு சுருட்டிக்கொண்டிருந்த வாட்ச்மேன் ராமப்பன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "செத்தவன் பெல்ட்டை எவன் தொடுவான்? எங்கூட்டு நாய்கூட அந்தப் பக்கம் போறதில்ல."

"அப்ப ஈரம் எப்படி வந்துச்சு?"

"என்னைக் கேட்டா? நீதானே அவன் கூட்டாளி. அவனையே கேளு."

முனிவேல் பக்கிளைப் பட்டென்று திறந்து பெல்ட்டை மறுபடி ஆணியில் வீசினான். ஈயம் சுவரில் மோதிக் காரை உதிர்ந்தது.

சூளகிரி தாண்டி இருக்கும் அந்தக் கம்பெனிக்குத் தண்ணீர் இந்தப் பழைய கிரானைட் குவாரியிலிருந்துதான் போகிறது. தோண்டி எடுத்துவிட்டுப் போன பள்ளத்தில் அறுபதடித் தண்ணீர். நாற்பதடியில் உறிஞ்சு குழாயின் சல்லடை. மாதம் ஒருமுறை அது அடைத்துக்கொள்ளும், யாராவது இறங்கிச் சுத்தம் செய்தாக வேண்டும். அதற்காக இரண்டாயிரத்து நாலில் இரண்டு ஃபிட்டர்களைப் பாண்டிச்சேரிக்கு அனுப்பி, சிலிண்டர் மாட்டி, மிதந்துவிடாமலிருக்க இடுப்பில் ஈய பெல்ட் கட்டி முங்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஒருவன், தளிப் பக்கத்து முனிவேல். மற்றவன், விருதுநகர் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த வெள்ளைச்சாமி. இரண்டு வயது மூத்தவன் என்பதற்காக முனிவேலை வாய் நிறைய அண்ணே என்பான்.

பத்து மணிக்கு சேஃப்டி ஆபீசர் ஜெகதீஷ் ஜீப்பில் வந்து இறங்கினார். டிரைவர் ஒரு புது மிதவை ஜாக்கெட்டைத் தூக்கி வந்து வைத்தான்.

"பாத்தியா முனிவேல்? இனிமே பெல்ட்டே வேணாம். ஈயமெல்லாம் ஜாக்கெட் பாக்கெட்டுலயே இருக்கு. ஆபத்துன்னா ரெண்டு பக்கமும் இந்தக் கைப்பிடிய இழு. மொத்தமும் கீழ விழுந்துரும். நீ பந்து மாதிரி மேல வந்துருவே."

"இத அஞ்சு மாசம் முன்ன வாங்கறதுக்கு என்னா சார்?"

"பழசக் கிளறாதப்பா. பெல்ட்டா, ஜாக்கெட்டான்னு நீயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. உன் விருப்பம்தான்."

"நாளைக்கு நான் செத்தா அதுவும் என் விருப்பம்னு எழுதிக்குவீங்க. அதுக்குத்தானே?"

ஜெகதீஷ் சிரித்தார். முனிவேலுக்கு அந்தச் சிரிப்பின் மேல் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

ஆனாலும் கணக்காக யோசித்தான். பெல்ட்டில் ஒரே பக்கிள். கண்ணே தெரியாத தண்ணீரிலும் வலது கையால் ஒரு தட்டு, அவ்வளவுதான். ஆனால் இடுப்பை அறுக்கும், ஆழம் போகப் போக ரப்பர் உடை நசுங்கி, பெல்ட் தளர்ந்து நழுவும். ஜாக்கெட்டில் இடுப்புக்கு நோவில்லை. ஆனால் இழுக்க வேண்டியது இரண்டு. ஒன்று சிக்கிக்கொண்டால் ஆள் ஒருபக்கமாகச் சாய்ந்துபோவான். மூன்று வருடம் பெல்ட் கட்டிய இடுப்பு அது. வேறு நாளாக இருந்தால் பெல்ட் என்றே எழுதியிருப்பான்.

சொட்டுகிற சத்தம் உள்ளேயிருந்து கேட்டது.

ஜாக்கெட் என்று எழுதினான். பேனா தாளைக் கிழித்தது.

அவன் கோபத்துக்கு ஆட்கள் நிறைய இருந்தார்கள். 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதின விசாரணை அதிகாரிகள் மூன்று பேர், ஒருத்தருக்கும் நீச்சல் தெரியாது. அதை வாசித்துக் காட்டின ஜெகதீஷ். பொறுப்பில்லாமல் பீடி பிடித்துக்கொண்டிருந்த ராமப்பன். இத்தனை பேரையும் தினம் வரிசையாகத் திட்டித் தீர்த்தால்தான், வரிசையின் கடைசியில் நிற்கிறவனிடம் போகாமல் இருக்க முடியும்.

ஐந்து மாதம் முன்பு அன்றைக்கு வெள்ளைச்சாமி மேலே வந்துவிட்டான். படிக்கு ஐந்தடி தூரம்தான். சிலிண்டரில் காற்றில்லை, ஜாக்கெட் ஊதவில்லை, மவுத்பீஸ் நழுவித் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தான். அவன் வலது கை பக்கிளுக்குப் போய்விட்டது. படியில் நின்ற முனிவேல் பதறிப்போய்க் கத்தினான். அந்தப் பதற்றத்தில் வாய்க்கு வந்தது பள்ளிக்கூடத்துத் தமிழ் இல்லை, வீட்டுக் கன்னடம்.

"பெல்ட் பிடு! பிடு! பிடு!"

தளியில் அதற்கு விட்டுவிடு என்று அர்த்தம். விருதுநகர்க்காரன் காதில் விழுந்தது, பிடி.

வெள்ளைச்சாமி அண்ணனைப் பார்த்தான். சரி என்று தலையாட்டினான். திறக்கப் போன கையை எடுத்து, இரண்டு கையாலும் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டான். பிடித்தபடியே கீழே போனான்.

ஆஸ்பத்திரியில் பத்து விரலையும் ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் பெல்ட்டை எடுத்தார்கள்.

"நீ என்னன்னு கத்தினே?" என்று விசாரணையில் கேட்டார்கள். "விட்டுடுன்னு கத்தினேன் சார்." பொய் இல்லை. அர்த்தத்தைச் சொன்னான், சொல்லைச் சொல்லவில்லை. வெள்ளைச்சாமியின் மனைவி தமிழ்செல்வி மட்டும் வேறு மாதிரிக் கேட்டாள். "நீங்க சொன்னா அவுக தட்ட மாட்டாகளேண்ணே. பெறகு ஏன் விடல?" அவளையும் அதட்டித்தான் அனுப்பினான்.

மூன்று மணிக்கு இறங்கினான். இறங்குமுன் பம்ப் ரூமைப் பூட்டிச் சாவியை ராமப்பன் மடியில் எறிந்தான். "நாலு இழுப்பு இழுத்தா தூக்கு. பீடிய அணை மொதல்ல."

"சரி சாமி, சரி. கத்தாத. கத்தினது போதாதா?"

முனிவேல் சட்டென்று அவன் முகத்தைப் பார்த்தான். ராமப்பன் வீட்டிலும் கன்னடம்தான். ராமப்பன் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெயில் பத்தடி வரைக்கும் கூட வந்தது, பச்சையாக, பிறகு டீத்தண்ணி நிறமாக, அப்புறம் கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்தாலும் தெரியாத ஒரு கறுப்பாக மாறி, அந்தக் கறுப்புக்குள் அவன் மூச்சு மட்டும் உள்ளே சீறி வெளியே கொப்பளிக்கிற சத்தம் கல்சுவர்களில் பட்டுத் திரும்பி, பக்கத்தில் இன்னொருவனும் மூச்சு விடுவதுபோலக் கேட்டது. சல்லடையைத் தடவிக் கண்டுபிடித்தான். பிளாஸ்டிக் பைகளைக் கோபத்தோடு பிய்த்தான். புது ஜாக்கெட் இடுப்பில் சுமையே தரவில்லை. நல்லதைத்தான் எழுதியிருக்கிறோம் என்று நினைத்தான்.

டக்.

சின்னச் சத்தம். இரும்பு நாக்கு படிகிற சத்தம். மூன்று வருடம் முங்கும்போதெல்லாம் கேட்ட சத்தம்.

இடுப்பு கனத்தது.

ஜாக்கெட்டில் காற்று ஏற்றினான். உப்பியது. எழும்பவில்லை. வலது கைப்பிடியை இழுத்தான். ஈயம் கீழே போய்ப் பாறையில் மோதும் சத்தம். இடது கைப்பிடி. மறுபடி அந்தச் சத்தம். இரண்டும் போய்விட்டன. பந்து மாதிரி மேலே போக வேண்டும்.

போகவில்லை.

கயிற்றை நாலு தரம் இழுத்தான். மேலே ராமப்பன் இழுப்பது தெரிந்தது. கயிறு விறைத்து அக்குளை அறுத்தது. ஓரடி ஏறினான். இறங்கினான்.

இடுப்பைத் தடவினான். நைலான். ஈயம். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறு.

பக்கிள். பக்கிளின் மேல் விரல்கள்.

அவனுடையவை அல்ல. பின்னாலிருந்து சுற்றி வந்த இரண்டு கைகள். ஊறிச் சுருங்கிய தோல். ஒரு விரலைப் பிரித்தான். அடுத்ததைப் பிரிப்பதற்குள் முதல் விரல் மூடிக்கொண்டது.

விடு.

தமிழில்தான் கத்தினான். இந்த முறை சரியான தமிழில். அடிவயிற்றிலிருந்து, ஐந்து மாதத்துக்கும் சேர்த்து, விடு, விடுடா, விடு. பல்லிடுக்கில் ரப்பர். அதைக் கவ்விய உதட்டில் 'வி' வரவில்லை. குமிழிகளோடு வெளியே வந்தது அவன் காதிலேயே விழுந்தது.

பிடு. பிடு. பிடு.

விரல்கள் இறுகின. அவன் தோளில் மெதுவாக ஒரு மோவாய் வந்து பதிந்து, சரி என்று தலையாட்டியது.