சண்டை போடாத மீன்

தூண்டிலில் மாட்டிய மீன் சண்டை போடவில்லை. காலையிலிருந்து மாட்டியதெல்லாம் சின்னதோ பெரிதோ, ஆற்றைக் கலக்கி, கம்பை வளைத்து, கையை ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் படகுக்குப் பக்கத்தில் வந்தன. இதுவோ ஒரு பத்து வயதுப் பையன் உயரம் இருக்கும், நனைந்த மெத்தையை இழுப்பதுபோல் பேசாமல் வந்தது.

கைடு இன்ஜினை அணைத்துவிட்டுக் கத்தியை விரித்தான். "தூண்டில் நரம்ப அறுத்துடலாம் சார். சண்டை போடாத மீனை நாங்க படகுகிட்ட சேர்க்கறதில்ல."

"ஏன், அதுக்கு உடம்பு சரியில்லையா?" என்று சிரித்தான் கம்பைப் பிடித்திருந்த மச்சினன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. இங்க அப்படித்தான்."

அவன் அக்காவின் கணவரான பல் டாக்டருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு விமானம், முதுகெலும்பை உடைக்கும் ஒரு வேன், பிறகு இந்தக் கொசுக் காட்டுக்குள் படகு. இத்தனையும் மச்சினனுக்காக. வேலை போன நாளிலிருந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் கிடந்தவன். தவழும் வயதிலிருந்து அவனை வளர்த்தவள் அவன் அக்கா. தம்பி என்று பெயர்தானே தவிர அவளுக்கு மூத்த பிள்ளை அவன்தான். அவன் வாயைத் திறந்து பேசிவிட்டால் போதும் என்று அவள் வேண்டாத தெய்வமில்லை. இந்த ஆற்றுக்கு வந்த பிறகுதான் பேசுகிறான், சிரிக்கிறான்.

"இவ்வளவு தூரம் வந்து நரம்ப அறுக்கவா? ஒரு போட்டோ எடுத்துட்டு விட்டுடறோம்பா," என்றார்.

"உங்க இஷ்டம்." கைடு கத்தியை மடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

மச்சினன் மீனை மார்போடு அணைத்துத் தூக்கினான். அதன் மேலிருந்த வழவழப்பு சளி மாதிரி நூல் நூலாகத் தொங்கி அவன் சட்டையிலும் முழங்கையிலும் வழிந்தது. பிறகு அந்த நாற்றம். எத்தனையோ அழுகிய வாய்களுக்குள் மூக்கை விட்டுப் பிழைப்பு நடத்துகிறவர் டாக்டர்; சீழ்க்கட்டியைக் கீறிவிட்டு அதே கையோடு சாப்பிடப் போகிறவர். அவரே மூக்கைப் பொத்திக்கொண்டார். ச்சீ, கருமம்.

பிடித்த மீனுக்கு ஒரு முத்தம் கொடுத்து ஆற்றில் விடுவது விளையாட்டாக மீன் பிடிப்பவர்களின் வழக்கம். மச்சினன் கொடுத்தான்.

"கண்ண மூடிட்டேடா. இன்னொரு தடவை குடு," என்றார் டாக்டர், போனைப் பிடித்தபடி.

அவன் மறுபடி குனிந்தான். இந்தத் தடவை உடனே நிமிரவில்லை. அவன் தொண்டை ஏறி இறங்கியது. கைகள் தளர்ந்து, மீன் நழுவித் தண்ணீரில் விழுந்தது. துடுப்பைக்கூட அசைக்காமல், வெள்ளை வயிறு மேலே தெரிய, பழுப்புத் தண்ணீருக்குள் மெல்ல மெல்ல இறங்கிப் போனது.

முகாமுக்குத் திரும்பும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இரண்டு கரையிலும் மரங்கள் தண்ணீர்மேல் கவிந்து, அழுகிய இலைகளின் வாடை கிளம்பி, எங்கோ தவளைகள் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தன. டாக்டர் மீனைத் தொடவே இல்லை. ஆனாலும் கையைத் திரும்பத் திரும்பக் கழுவினார். மச்சினன் படகு முனையில் இவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

"என்னடா, பேச்சையே காணோம்?"

பாதி திரும்பித் தலையை மட்டும் ஆட்டினான். கடைவாயிலிருந்து எச்சில் ஒரு கோடாக இறங்கியது. அவன் துடைக்கவில்லை. எச்சிலில் லேசாகச் சிவப்பு.

"பல்லுல இடிச்சுக்கிட்டியா? காட்டு."

உதட்டை இறுக்கிக்கொண்டான். இன்ஜின் சத்தத்துக்கு நடுவில் ஒரு சின்னச் சத்தம். நகத்தால் பல்லைத் தட்டுவதுபோல். டிக். டிக். கைடு இவர்கள் பக்கம் திரும்பவே இல்லை.

முகாம் அறையில் விளக்கைப் போட்டதும் டாக்டர் போட்டோக்களைப் பார்த்தார். முதல் படத்தைப் பெரிதாக்கினார். மீனின் வாய் திறந்திருந்தது. நாக்கு இருக்க வேண்டிய இடத்தில் வேறொன்று. பால் வெள்ளை. கட்டை விரல் தடிமன். வளையம் வளையமாக உடம்பு. முனையில் இரண்டு கறுப்புப் பொட்டு. கண்கள்.

இரண்டாவது படம். இரண்டாவது முத்தத்துக்குப் பிறகு, மீன் நழுவும்போது எடுத்தது. அதே வாய். காலி. உள்ளே நாக்கின் சதை தின்னப்பட்ட ஒரு மொட்டை அடி.

அவர் மறுபடி முதல் படத்தைப் பார்த்தார். மறுபடி இரண்டாவதை. இன்னொரு தடவை குடு என்று சொன்னது அவர்தான்.

போன் அடித்தது. மனைவி. கை தவறி ஸ்பீக்கரில் பட்டுவிட்டது.

"என்னங்க, சாப்பிட்டீங்களா? தம்பி எங்க? அவன்கிட்ட குடுங்க, ஒரு வார்த்தை பேசட்டும்."

"அவன்... குளிக்கறான்."

"பொய் சொல்லாதீங்க. மறுபடி பேசாம உக்காந்துட்டானா? ஐயோ, என் வயித்துல புளியைக் கரைக்காதீங்க!"

மச்சினன் கட்டிலில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் போனை மேசைமேல் வைத்தார். டார்ச்சை எடுத்தார். அவன் தாடையைப் பிடித்தார். ஈரம். வழவழப்பு. அதே நாற்றம். விடவில்லை.

"திறடா," என்றார், கெஞ்சுகிற குரலில். "ஆ காட்டு."

திறந்தான்.

நாக்கு இல்லை. அதன் இடத்தில் அது, தடித்து, கொழுத்து, பல் வரிசைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் கொக்கிக் கால்களை ஊன்றி உட்கார்ந்திருந்தது. வெளிச்சம் பட்டதும் திரும்பி அவரைப் பார்த்தது. பிறகு உடம்பை வளைத்து மேலண்ணத்தைத் தொட்டது.

"அக்கா."

அவன் குரல். அச்சு அசலாக அவன் குரல்.

"என் ராஜா!" போனில் அவள் அழுதேவிட்டாள். "பேசுடா கண்ணு! எப்படிடா இருக்கே?"

மச்சினனின் கண்களிலிருந்து தண்ணீர் கொட்டியது. இரண்டு கையாலும் டாக்டரின் சட்டையைப் பற்றி இழுத்தான், அகலத் திறந்த வாயை மூடாமல், மூட முடியாமல்.

"நல்லா இருக்கேன்க்கா," என்றது அது.