பட்டி அணைப்பு விழா

"நெருப்பு, சக்கரம், அதுக்கடுத்து மனுசன் கண்டுபிடிக்கப்போற மூணாவது பெரிய விசயம், அடுத்தவன் மார்க்கைக் கேக்காம இருக்கது. அதை நான் வியாழக்கிழமை காலைல பதினோரு மணிக்குக் கண்டுபிடிக்கப்போறேன்" என்றான் நன்மாறன்.

உணவுக்கூடத்தின் பெஞ்சில் ஏறி நின்று இதை அவன் சொன்னபோது, அவன் கழுத்தில் '3' என்று சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. செவ்வாய்க் கோளின் பொருநைக் குவிமாடத்தில் கல்லூரி மாணவர்கள் எல்லோர் கழுத்திலும் ஏதாவது மின்னும். சேர்ந்த அன்றே மாட்டிவிடும் அந்த வளையத்துக்கு ஏட்டுப்பட்டி என்று பெயர். தேறியவர்களுக்குப் பச்சையில் மதிப்பெண். தவறியவர்களுக்குச் சிவப்பில் அரியர் எண்ணிக்கை. முதலில் குடியேறியவர்கள் ஒரு நியாயத்தோடுதான் இதைக் கொண்டுவந்தார்கள். எண்ணூறு பேர் ஒரே காற்றைச் சுவாசிக்கும் இடத்தில், நாளை வால்வைத் திருகப்போகிறவனுக்கு வால்வு தெரியுமா என்பது ஊருக்குத் தெரிய வேண்டாமா? நாளடைவில் வால்வை எல்லோரும் மறந்துவிட்டார்கள். கழுத்தைப் பார்ப்பது மட்டும் நின்றபாடில்லை. தண்ணீர் வரிசையில்கூட முதலில் கழுத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் "நல்லாருக்கியா?" என்பார்கள்.

"கீழ இறங்குல, சாம்பார மிதிச்சிராத" என்றாள் அவன் வகுப்புத் தோழி ஹெப்சிபா. அவள் கழுத்தில் '2'. "ஒனக்கு இது வெளையாட்டு. எனக்கு மூணாவது சிவப்பு விழுந்துச்சுன்னா, எங்கப்பா படிப்ப நிப்பாட்டி பாசித்தொட்டி கழுவ அனுப்பிருவாரு. போன தடவையே சொல்லிட்டாரு."

"விழட்டும். விழுந்தது யாருக்குத் தெரியப்போகுது?"

வியாழக்கிழமை குவிமாடச் சபை கூடியது. தலைவர் மங்கையர்க்கரசி காற்று விநியோகத்துக்கும் பொறுப்பு. நன்மாறனின் மனுவைப் புரட்டிப் பார்த்துவிட்டு அன்பாகக் கேட்டார். "தம்பி, மறைக்க ஒண்ணும் இல்லாதவனுக்கு எதுக்குப்பா பயம்?"

மற்ற ஆறு உறுப்பினர்களும் புன்னகைத்தார்கள். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நன்மாறன் காத்திருந்தான். பீரோவுக்குக் கை முளைத்ததுபோல மூலையில் நின்ற பதிவேட்டு இயந்திரனைப் பார்த்துத் திரும்பினான்.

"ஏடன் அண்ணே, சட்டப்படி கல்வி ஏடு பொதுச்சொத்து. யாரு கேட்டாலும் காட்டணும்லா?"

"காட்டியாக வேண்டும்."

"அப்போ சபை உறுப்பினர்களோட ஏட்டைக் காட்டுங்க. அவங்களும் இதே காலேஜ்தான்."

ஏடனுக்குச் சட்டம் தெரியும், சங்கடம் தெரியாது. சுவர் முழுக்க ஏழு ஏடுகளையும் விரித்துவிட்டது. காற்றுக்குப் பொறுப்பான தலைவர் காற்றழுத்தவியலில் ஆறாவது முயற்சியில் தேறியிருந்தார். ஒழுக்கக் குழுவின் பெரியவர் துண்டுச்சீட்டோடு பிடிபட்டு ஓராண்டு நீக்கப்பட்டிருந்தார். பார்வையாளர் வரிசையில் இருந்த அவருடைய மகள், "அப்பா, அந்த வருசம் மஞ்சக்காமாலைன்னுல்லா சொன்னீங்க?" என்று எழுந்தேவிட்டாள்.

பிராணவாயுச் சட்டம் நிறைவேற நான்கு மாதம் ஆன அந்தச் சபையில், மாணவர் ஏட்டுரிமைச் சட்டம் பதினொரு நிமிடத்தில் ஏகமனதாக நிறைவேறியது. மாணவரின் சொந்தக் கட்டைவிரல் பட்டாலன்றி இனி எந்தப் பட்டியும் ஒளிராது. பெற்றவர்கள் கேட்டாலும், பிள்ளைகள் கேட்டாலும் ஏடு திறக்காது. நானூறு கழுத்துகள் ஒரே நொடியில் அணைந்தன. நன்மாறனைத் தூக்கிப்போட்டுப் பிடித்தார்கள். செவ்வாயின் ஈர்ப்பு குறைவு என்பதால் இரண்டு முறை கூரை விளக்கில் தலை இடித்தது. அவன் பொருட்படுத்தவில்லை.

ஒரு மாதம் கழித்துத் தேர்வு முடிவு வந்தது. வரலாற்றில் முதல் முறையாக, அவரவர் காதுக்குள் மட்டும். நன்மாறனுக்கு மூன்று அரியரும் போய்விட்டன. சராசரி மதிப்பெண் தொண்ணூற்று நான்கு. அவனே ஏடனிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டான்.

ஹெப்சிபா அருகில் வந்து, "ஊத்திக்கிச்சுடே. ஒன்ட்ட மட்டுந்தான் சொல்லுதேன்" என்றாள்.

"பயப்படாத. இதுக்குத்தான இவ்வளவு பாடு பட்டோம்."

மறுநாள் மதியம் பட்டி அணைப்பு விழா. குடும்பம் குடும்பமாக வந்து நீண்ட மேசைகளில் உட்கார்ந்தார்கள். நன்மாறனின் மேசையிலேயே உட்கார்ந்த ஹெப்சிபாவின் அப்பா ஞானராஜ் வழக்கம்போல மகளின் கழுத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லாததால், வேறு வழியின்றி முகத்தைப் பார்த்தார். "என்னம்மா, மெலிஞ்சிட்டியே" என்றார். ஹெப்சிபாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைக் கண்ட நன்மாறன், தனக்கு ஒரு சிலை வைத்தால் எந்த மூலையில் வைக்கலாம் என்று கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தான்.

அப்போதுதான் கடைசி மேசையில் வகுப்புத் தோழன் கோகுலின் கழுத்து பளிச்சென்றது. பச்சை, 97.

"பாத்தியா?" என்றான் நன்மாறன் ஹெப்சிபாவிடம். "பூட்டு வாங்கிக் குடுத்தா, சாவியத் தெருவுல வச்சிட்டுப் போறான். இது வியாதி. இதுக்கு மருந்தே கிடையாது." ஹெப்சிபா சிரித்தாள்.

சோற்றுக்கு ரசம் வருவதற்குள் எட்டுக் கழுத்துகள் எரிந்தன. மோருக்கு நாற்பது. பாயசம் வந்தபோது கூடமே பச்சையாக இருந்தது. இருண்ட கழுத்துகளைத் தேடித்தான் எண்ண வேண்டியிருந்தது. பலர் எண்ணிக்கொண்டும் இருந்தார்கள்.

பக்கத்து வீட்டு செண்பகம் அத்தை நன்மாறனின் அம்மாவிடம் சாய்ந்தாள். "ஏன் வடிவு, ஒம் மவன் கழுத்து மட்டும் இருட்டா கெடக்கு? சரி விடு, படிப்பு எல்லாருக்குமா வருது."

"அது அவன் உரிமைக்கா" என்றாள் அம்மா. அவனே சொல்லிக்கொடுத்த வாக்கியம்தான். ஆனால் பாயசத்தை அப்படியே தள்ளி வைத்துவிட்டாள்.

நன்மாறன், பாயசம் நன்றாக இருக்கிறது என்பதுபோலத் தலையாட்டினான். சட்டைக் காலரைச் சரிசெய்வதுபோலக் கையைக் கொண்டுபோனான். கட்டைவிரல் ஒரு நொடி பட்டியில் நின்றது.

"அடேயப்பா, தொண்ணூத்தி நாலா!" என்றாள் அத்தை. அம்மா பாயசத்தைத் திரும்ப இழுத்துக்கொண்டாள். மூலையில் இருந்து ஏடன், "மாணவரின் முழுச் சம்மதத்துடன் திறக்கப்பட்டது" என்று பதிவு செய்தது.

அந்த மேசையில் இப்போது ஒரே ஒரு கழுத்துதான் இருண்டிருந்தது. ஹெப்சிபாவின் ஏட்டை, சட்டப்படி, யாரும் திறக்கவில்லை. ஞானராஜின் பார்வை மட்டும் மகளின் முகத்திலிருந்து மெல்லக் கழுத்துக்கு இறங்கி அங்கேயே நின்றது.