நீலப் பெட்டி, வெள்ளை மூடி

இவளுக்கு விடை தெரியும். வேறு விடையை யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்றுதான் வந்திருக்கிறாள். மழைக் கோட்டோடு வாசலில் நின்ற ஜெனீனைப் பார்த்ததும் மொரீனுக்கு அப்படித்தான் தோன்றியது. தோன்றியதை அவள் சொல்லவில்லை. டாஸ்மேனியாவின் கிழக்குக் கரையில் இருபத்திரண்டு வருடம் மீன்வளத் துறைக்காகப் படகு படகாக ஏறிச் சிங்கி இறால்களை அளந்து, அளவு குறைந்தவற்றைக் கடலிலேயே திருப்பி விடச் சொன்னவள். அளக்காமல் எதையும் சொல்லிப் பழக்கமில்லை.

ஜெனீன் சொன்னது ஊருக்கே தெரிந்ததுதான். அவள் அப்பா கீத்தின் படகில், இறால் கூண்டைத் தூக்கும் இயந்திரத்தின் பிரேக் விட்டுப்போய், கயிறு காலில் சுற்றி, லாக்கி என்ற வேலையாள் கடலுக்குள் இழுபட்டுச் செத்தான். மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில் கீத்தும் படகுத்துறைப் பாலத்தடியில் பிணமாக மிதந்தார். கைக்கடிகாரம் ஞாயிறு மாலை ஆறரையில் நின்றிருந்தது. வீட்டுக் கணினியில் ஒரு கடிதம் திறந்திருந்தது: பிரேக்கைக் கவனிக்காதது என் தவறு, மன்னியுங்கள். போலீஸ்காரர்கள் அதோடு கோப்பை மூடினார்கள்.

“அப்பா செத்துப்போகணும்னு நினைச்சிருக்கலாம்,” என்றாள் ஜெனீன். “கவனிக்கலைன்னு எழுதமாட்டார். அந்த பிரேக்கைத் தினமும் தொட்டுப் பார்ப்பார்.”

மொரீன் பக்கத்து வீட்டு கிளெனிஸையும் கூட்டிக்கொண்டு போனாள். கூப்பிடாவிட்டாலும் கிளெனிஸ் வந்திருப்பாள். நோட்டுப் புத்தகம் அதற்குள் அவள் கையில் இருந்தது.

கீத்தின் வீட்டில் ஜெனீனின் கணவன் கிரெய்க் தேநீர் போட்டுக் கொடுத்தான். அந்தத் துறையில் நிற்கும் படகுகளின் இயந்திரங்களையெல்லாம் பழுது பார்ப்பவன் அவன்தான். ஜெனீன் கணினியைத் திறந்ததும், அவன் திரையைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

முதுகு வலியில் வீட்டோடு முடங்கிய ஐந்து குளிர்காலங்களில் கீத் அந்தத் திரையை அங்குலம் அங்குலமாக மாற்றியிருந்தார். பின்னணியில் சாம்பல் நிறக் கடல் மெல்ல ஆடியது. ஐகான் ஒவ்வொன்றையும் தானே வரைந்திருந்தார். கடிதங்களுக்கு ஒரு மிதவை, கடிகாரத்துக்குக் கலங்கரை விளக்கம். மூலையில் ஒரு நீலப் பெட்டி, வெள்ளை மூடியோடு. அதற்குக் கீழே ஒற்றை அலை. எதற்கும் பெயர் கிடையாது. படகிலும் கீத் எந்தப் பொருளுக்கும் பெயர் எழுதி வைத்ததில்லையே என்று மொரீன் நினைத்துக்கொண்டாள். மனிதர் கடலைவிட்டு வரவேயில்லை.

“பார்த்தாலே குமட்டுது,” என்றாள் கிளெனிஸ்.

கிரெய்க் சிரித்தான். “எனக்கு நிஜக் கடலே ஆகாது. எல்லா ரிப்பேரும் கரையிலதான், ஒரு தடவைகூட வெளிய போனதில்ல. பெரிசுக்கு வேற வேலை இல்ல பாருங்க, குப்பைத்தொட்டிக்குக்கூட நீல பெயிண்டு, வெள்ளை மூடி.”

மொரீன் தேநீரைக் கலக்கினாள். இந்தக் கணினியைத் தொட்டதுண்டா என்று கேட்டாள். திங்கட்கிழமை போலீஸ் வந்த பிறகு பார்த்ததோடு சரி, தொட்டதே இல்லை என்றான். ஞாயிறு மாலை முழுக்கப் பட்டறையில் இருந்தானாம். பிறகு, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

கிளெனிஸ் நீலப் பெட்டியைத் திறக்கப் போனாள். “அதான் குப்பைன்னு சொன்னானே.”

“அவன் சொன்னான்,” என்றாள் மொரீன். “அது படகுல இருக்கிற ஐஸ்பெட்டி. வீட்டுக்குக் கொண்டுபோறதைத்தான் அதுல போடுவோம். அளவு குறைஞ்சதை எங்க போடுவோம்?”

கிளெனிஸின் விரல் அலைக்கு நகர்ந்தது. உள்ளே காலி. அதுதான் குப்பைத்தொட்டி.

நீலப் பெட்டியில் ஜெனீனின் சிறு வயதுப் படங்கள் இருந்தன, செத்துப்போன அம்மாவின் படங்களும். அவற்றின் நடுவே, ஞாயிறு இரவு ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு யாரோ இழுத்துப் போட்ட ஒரு கடிதம். கீத் போலீசுக்கு எழுதியது. பிரேக்கை மாற்றியதாகக் கிரெய்க் கையெழுத்துப் போட்டான், மாற்றவில்லை, திங்கட்கிழமை நேரில் வந்து சொல்கிறேன்.

“ஏழு அஞ்சுக்கு கீத் தண்ணிக்குள்ளதானே இருந்தார்,” என்றாள் கிளெனிஸ். அதற்குப் பிறகு அவள் எதையும் குறிக்கவில்லை.

“மன்னிப்புக் கடிதம் ஏழு பன்னிரண்டுக்கு எழுதியிருக்கு,” மொரீனின் குரல் உயரவில்லை. “கீத்னா கிழிக்க வேண்டியதை அலையில விட்டிருப்பார். கடலுக்குப் போற எவனும் அப்படித்தான். ஐஸ்பெட்டியைக் குப்பைன்னு நினைக்கிறவன் இந்தக் குடும்பத்துல ஒருத்தன்தான், ஜெனீன். போலீசுக்குப் போறதை அப்பா அவன்கிட்டதான் முதல்ல சொல்லியிருப்பார். வீட்டு மனுஷனாச்சே.”

ஜெனீன் அழவில்லை. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு அவன் ஈரச் சட்டையோடு வந்ததை, தானே துவைத்துக் காயப்போட்டதை, யாரிடமோ பேசுவது போலச் சொன்னாள். இத்தனை நாள் அந்தச் சட்டையை எத்தனை முறை மடித்து மடித்து வைத்திருப்பாள் என்று மொரீன் எண்ணிப் பார்த்தாள்.

வெளியே சரளைக் கல்லில் வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. பிள்ளைகளின் குரல்.

“மொரீன்,” ஜெனீன் குனிந்து அவள் தோளைப் பிடித்தாள். “அப்பா திரும்பி வரப்போறதில்ல. இந்தப் பிள்ளைங்களுக்கு அப்பான்னு இருக்கிறது அவன் ஒருத்தன்தான். அந்தக் கடிதத்தை அலையில போட்டுடுங்க. நீங்க பார்க்கவே இல்லைன்னு இருக்கட்டும்.”

திரையில் கடல் ஆடிக்கொண்டிருந்தது. மொரீன் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அளவு குறைஞ்சதைத்தான்மா கடல்ல விடுவோம்.”