நாளுக்கு நாள் நொறுங்கிய கரி

"நான் மாத்தவே இல்லை சார். சாயங்காலத்துக்குள்ள தப்பை ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடலேன்னா வேலை போயிடும்."

நிலக்கரிப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் அந்தப் பெண் அழுகையை அடக்கிக்கொண்டு, தினமும் எண்களைக் குறித்த தாளைத் துப்பறிபவரிடம் நீட்டினாள்.

ஒரே பாளத்தில் வெட்டிய ஆறு கரித்துண்டுகள் சுரங்கத்திலிருந்து வந்திருந்தன. ஈரத்துணி சுற்றி உறைபெட்டியில் வைத்து, தினம் காலை எட்டு மணிக்கு ஒன்றை இயந்திரத்தில் நசுக்கிப் பலம் பார்ப்பது அவள் பொறுப்பு. திங்களன்று கல் மாதிரி நின்ற கரி, இன்று சனிக்கிழமை பிஸ்கட்டாக நொறுங்கிவிட்டது. அவள் மட்டக் கரியை மாற்றி வைத்துவிட்டாள் என்று மேலாளர் குதித்தாராம்.

துப்பறிபவர் தாளை வாசித்தார். "இருபது, பதினேழு, பதினாலு... புதனும் வியாழனும் ஒரே பதினாலு. அப்புறம் பதினொண்ணு, எட்டு. புதன்கிழமை என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்லை. மேலாளர் லீவு."

"அத்தான், அப்ப அவர்தான் ஆள்!" என்று துள்ளினான் அவருக்கு உதவியாக வந்திருந்த மச்சினன்.

"அவசரக்குடுக்கை! முதல்ல இடத்தைப் பார்ப்போம்."

மேலாளரின் அறை கதகதப்பாக இருந்தது. மேசைக்கடியில் ஹீட்டர், மூலையில் கரி வைத்த பழைய உறைபெட்டி, சுவரில் ஒரே ஒரு பிளக் பாயின்ட். துப்பறிபவர் பெட்டியைத் திறந்து ஓர் ஐஸ் பையை எடுத்தார். சொட்டச் சொட்ட வந்தது.

"இதுல தனித்தனி ஐஸ் கட்டியாத்தானே போட்டீங்க?"

"ஆமா சார்," என்றாள் அவள்.

"இப்போ எல்லாம் ஒட்டி ஒரே பாளம். உருகாம எப்படி ஒட்டும்? மட்டக் கரியை வெச்சிருந்தா பலம் இப்படிப் படிப்படியா இறங்காது. கரிக்குள்ள பொடி விரிசல் இருக்கு. அதுல புகுந்த தண்ணி உறைஞ்சா உப்பும், விரிசல் அகலும். உருகினா இன்னும் தண்ணி உள்ளே போகும். திரும்ப உறைஞ்சா இன்னும் அகலும். சார், நீங்க எத்தனை மணிக்கு வருவீங்க?"

"ஒன்பது," என்றார் மேலாளர்.

"வந்ததும் ஹீட்டரை எதுல சொருகுவீங்க?"

மேலாளர் சுவரைப் பார்த்தார். பெட்டியின் வயர் கழன்று கீழே கிடந்தது.

"போகும்போது பெட்டியைத் திரும்ப மாட்டிடுவேனே..." என்று இழுத்தார்.

"அதான் தினம் ஒரு தடவை உருகி உறைஞ்சிருக்கு. நீங்க வராத புதன்கிழமை மட்டும் கரிக்கு ஓய்வு. அவங்க எழுதின ஒவ்வொரு எண்ணும் சரி."

மேலாளர் மேசை மேல் தயாராக வைத்திருந்த வேலைநீக்கக் கடிதத்தை நாலாகக் கிழித்தார். பிறகு குனிந்து ஹீட்டரைத் தானே கழற்றினார்.

"மன்னிச்சிடும்மா. திங்கக்கிழமை புதுத் துண்டு வருது. வருவீங்களா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வரேன் சார். நீங்க ஸ்வெட்டர் போட்டுட்டு வாங்க."