கூட வாசிக்கிற அக்கா

2008 ஒக்டோபரில் ஒரு ஞாயிறு மதியம், புலம்பெயர்ந்து வந்த வடநாட்டு நகரத்தில், ரொம்சோஸ் குடியிருப்பின் அடுக்குமாடி ஒன்றின் நிலக்கீழ் அறைக்கு மரியரஞ்சனி படியிறங்கினாள். தமிழ் வானொலி அங்கேதான் இயங்கியது. சின்ன ஒலிபரப்பி, குடியிருப்பைத் தாண்டினால் வெறும் இரைச்சல்தான். ஆனாலும் ஊரில் சண்டை இறுகிய நாளிலிருந்து, இறந்தவர்களின் பெயர்களை அவள் வாசிக்கும் பத்து நிமிடத்துக்கு வீடுகளில் சமையல்கூட நின்றுவிடும். உறவினர் உறுதிசெய்யாத பெயரை அவள் வாசிப்பதில்லை. பிழையான ஒரு பெயர் ஒரு குடும்பத்தையே உலுக்கிவிடும். அவளுடைய தம்பி எட்வேட்டும் வன்னிக்குள்தான் அகப்பட்டிருந்தான். மூன்று மாதமாகத் தகவல் இல்லை.

அன்று வாசித்து முடித்ததும் தொலைபேசி அடித்தது. ஹவுகெட்டோவிலிருந்து சிவநாயகி என்றொரு பெண். நகரத்தின் மறுகோடி அது. அங்கே இந்த வானொலி எடுபடவே எடுபடாது.

"உங்களோட கூட வாசிக்கிற அக்கா ஆர்? நீங்கள் முடிச்ச பிறகு அவ இன்னும் கனபேரை வாசிச்சவ."

அப்படி எந்த அக்காவும் இல்லை.

சந்தேகம் பிலேந்திரன்மேல் விழுந்தது. ஒலிபரப்பியைப் பராமரிப்பவன் அவன். அறைப் பூட்டின் இன்னொரு திறப்பும் அவனிடம்தான். யாருடைய குரலையோ பதிந்து போடுகிறானோ? முகத்துக்கு நேரே கேட்டாள். அவன் கோபிக்கவில்லை. அது அவளுடைய சந்தேகத்தைக் கூட்டியது.

அடுத்த ஞாயிறு அவனை வரவேண்டாம் என்றாள். தனியே வாசித்து முடித்தாள். பிறகு ஒலிபரப்பியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள். அதன் விளக்கு அணைந்தது. ஈரச் சுவரின் மணம் மட்டும்.

தொலைபேசி அடித்தது.

"இப்பதான் அவ தொடங்கிறா," என்று சிவநாயகி கிசுகிசுத்தாள். "கேளுங்கோ."

சிவநாயகி தன் தொலைபேசியை றேடியோவோடு சேர்த்துப் பிடித்தாள்.

நிதானமான பெண்குரல். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் மூச்சுவிடும் இடைவெளி.

மூச்சுதான் இல்லை.

ஏழாவது பெயர் எட்வேட். அப்பாவின் பெயரோடு, ஊரோடு.

மரியரஞ்சனி யாருக்கும் சொல்லவில்லை. உறுதிசெய்யாத பெயர் அல்லவா. பன்னிரண்டு நாள் கழித்து மன்னாரிலிருந்து பாதிரியார் அழைத்தார். அந்த ஞாயிறு காலைதான் ஷெல் விழுந்து எட்வேட் இறந்தானாம்.

பிலேந்திரனிடம் மன்னிப்புக் கேட்டாள். அவன் ஒலிபரப்பியைக் கழற்றிப் பெட்டியில் கட்டினான். வானொலி நின்றது.

அடுத்த வருடம் ஜூனில், ஊரில் சண்டை முடிந்த மறுமாதம், அதே நகரத்து ட்வெய்ட்டா கடைத்தொகுதியில், முன்பின் தெரியாத முதியவர் ஒருவர் குரலை வைத்தே அவளை அடையாளங்கண்டு கிட்ட வந்தார்.

"ஏன் பிள்ளை விட்டிட்டியள்? அவ பாவம், தனிய வாசிக்கிறா. மே மாதத்துப் பெயருகளைத் தொடங்கினவ, இன்னும் முடிக்கேல்லை."