ஓடுகிற வீட்டின் அக்கினி மூலை

உதயகலாவுக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சிவக்கும். அன்று இரண்டு காதும் சிவந்து, மூக்கு நுனியும் சிவந்துவிட்டது. அவள் தன் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு, பலகையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தாள்.

"நான் எழும்ப மாட்டன்!"

"பிள்ளை, அது கட்டில் போடுற மூலை இல்லை. அது அக்கினி மூலை. அடுப்பு அங்கைதான் வர வேணும்," என்றார் பரமலிங்கம் மாமா.

அந்தக் கட்டில் இருந்தது ஒரு மினி பஸ்ஸுக்குள். ஆனால் அதை பஸ் என்று சொன்னால் உதயகலாவுக்குப் பிடிக்காது. அதுதான் இனி அவர்களுடைய வீடு.

அவளுடைய அப்பா சுதாகரனும் அம்மா குணலட்சுமியும் கோயில் திருவிழாக்களில் வளையல், காப்புக் கடை போடுகிறவர்கள். வட்டப்பளையில் பொங்கல் என்றால் அங்கே நிற்பார்கள். மட்டக்களப்பில் மாமாங்கத் திருவிழா என்றால் அங்கே போய்விடுவார்கள். கொடிகாமத்தில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டைக் கனடாவில் இருக்கும் வீட்டுக்காரர் திருப்பிக் கேட்டார். "எப்பவும் தெருவிலைதானே நிக்கிறம்? இனி ஓடுற வீடாவே எடுப்பம்," என்று அப்பா சொல்லிவிட்டார்.

முதலில் ஒரு லொறியைப் பார்த்தார்கள். அதற்கு யன்னலே இல்லை. "என்னைப் பெட்டிக்குள்ளை போட்டு மூடப் போறியளோ?" என்று அம்மா கேட்டார். பிறகு ஒரு வான். அதில் ஏறிய வேகத்திலேயே அம்மாவின் தலை கூரையில் டொங் என்று முட்டியது. மூன்றாவதாக வந்ததுதான் இந்த மினி பஸ். உதயகலா உள்ளே ஏறிக் குதித்துப் பார்த்தாள். தலை முட்டவில்லை. அம்மாவும் நிமிர்ந்து நின்று கையை நீட்டிப் பார்த்தார். "ஓம், இதிலை நிண்டு சமைக்கலாம்," என்றார். அவ்வளவுதான், அப்பா பேசி முடித்துவிட்டார்.

டிரைவர் சீற்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றினார்கள். அப்பாவின் சிநேகிதர் கனிசியஸ் அங்கிள் இரும்பு ஒட்டுகிறவர். அவர்தான் உள்ளே கட்டில், அலுமாரி, தட்டு எல்லாம் செய்தார். சமைக்கிற குசினி பஸ் வாசலுக்குப் பக்கத்தில் வர வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தார். அங்கேதான் காற்று வரும், சூடு வெளியே போகும். பின்பக்கம் வலது மூலையில், பெரிய யன்னலோடு உதயகலாவின் கட்டில்.

பள்ளிக்கூட நாட்களில் அவள் இணுவிலில் சித்தி வீட்டில் இருந்து படிப்பாள். ஒவ்வொரு விடுமுறைக்கும் இந்த வீட்டுக்கு வந்துவிடுவாள். "நீ இல்லாத நாளிலையும் உந்தக் கட்டில் உன்ரைதான். அதிலை ஒருதரும் ஒரு சாமானும் வைக்க மாட்டம்," என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கை நம்பித்தான் சித்தி வீட்டுக்குப் போக அவள் சம்மதித்தாள்.

அப்போதுதான் மாமா வந்து சேர்ந்தார்.

பரமலிங்கம் மாமா அம்மாவின் அண்ணன். வீட்டுச் சாத்திரம் பார்ப்பதில் கெட்டிக்காரர். சொந்தக்காரர் ஒருவரும் அவரைக் கேட்காமல் ஒரு கதவைக்கூட மாற்ற மாட்டார்கள். நல்ல மனுஷன்தான். ஆனால் குரல் மட்டும் ஒலிபெருக்கி. அவர் கொடிகாமத்து வாடகை வீட்டு வளவில் நின்று சூரியனைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார். பஸ் வடக்கே வளவு வாசலில் இருந்த படலையைப் பார்த்து நின்றது. பின்பக்க வலது மூலை தென்கிழக்கு, அதாவது அக்கினி மூலை.

"அடுப்பு வாசலுக்குப் பக்கத்திலையோ? கூடவே கூடாது!" என்றார். "கட்டிலை எடுங்கோ. அடுப்பை அங்கை வையுங்கோ."

"அப்ப என்ரை கட்டில்?"

"நீ விடுமுறைக்கு வாற பிள்ளைதானே. ஒரு பாய் காணும்."

கேட்டீர்களா நியாயத்தை! விடுமுறைக்கு வருகிற பிள்ளையாம்! ஒரு பாய் போதுமாம்! சொந்த வீட்டில் அவள் என்ன விருந்தாளியா?

உதயகலா அப்பாவைப் பார்த்தாள். வாக்குக் கொடுத்த அப்பா மண்டையைச் சொறிந்தார். அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். அண்ணை ஒன்று சொன்னால் மறுத்துக் கதைத்துப் பழக்கமில்லை. அம்மா நின்று சமைக்கப் போகிற இடம் அது. அவரையும் யாரும் கேட்கவில்லை. உதயகலாவுக்கு அதை நினைக்க இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் எழும்ப மாட்டன் எண்டால் எழும்ப மாட்டன்!"

கனிசியஸ் அங்கிள் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "நாளைக்கு அடுப்புத் தட்டை ஒட்டப் போறன். ஒட்டினால் பிறகு கழட்டேலாது, இப்பவே சொல்லிப்போட்டன். முதல்லை பஸ்ஸை ஒருக்கா ஓடிப் பாப்பம். அலுமாரி ஆடுதோ எண்டு எனக்குத் தெரிய வேணும்."

அப்படித்தான் எல்லோரும் கொடிகாமம் சந்தை வரைக்கும் புறப்பட்டார்கள். மாமா ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு நடுவில் உட்கார்ந்தார். உதயகலா கட்டிலை விடவில்லை. தான் எழுந்த அடுத்த நிமிடம் அதைத் தூக்கி வெளியே போட்டுவிடுவார்கள் என்று அவளுக்குச் சந்தேகம்.

பஸ் படலையைத் தாண்டி ஒழுங்கையில் மெல்லப் போனது. காலை வெயில் யன்னலால் வந்து அவளுடைய முகத்தில் அடித்தது. கண்ணை மூடிக்கொண்டு உள்ளுக்குள் பொருமினாள்.

ஒழுங்கை முடிந்து, கண்டி வீதியில் பஸ் வலது பக்கம் திரும்பியது. மாமா கதிரையோடு சறுக்கிப் போய் அலுமாரியில் முட்டினார். "ஐயோ! மெதுவா, மச்சான்!"

உதயகலா கண்ணைத் திறந்தாள். முகத்தில் வெயிலைக் காணவில்லை. எழுந்து பார்த்தாள். வெயில் இப்போது அப்பாவின் கண்ணில் குத்தியது. அப்பா ஒரு கையால் நெற்றியை மறைத்துக்கொண்டு ஓட்டினார்.

அவள் கட்டிலை மறந்து முன்னால் ஓடினாள். அப்பாவுக்குப் பக்கத்தில் எஞ்சினை மூடியிருந்த பெட்டியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்திலேயே துள்ளி எழுந்தாள்.

"அம்மாடி, சுடுது!"

"எஞ்சினெல்லோ, சுடாமல் என்ன செய்யும்?" என்றார் அப்பா.

உதயகலா சட்டையைத் தடவிக்கொண்டே திரும்பினாள். "மாமா, இப்ப கிழக்கு எந்தப் பக்கம்?"

"சூரியன் நிக்கிற பக்கம்தான். உதுகூடத் தெரியாதோ?"

"அப்ப சூரியன் முன்னுக்கு நிக்குது. என்ரை கட்டில் மூலை இப்ப என்ன மூலை?"

மாமா வாயைத் திறந்தார். கையை நீட்டி முன்னால் காட்டினார், வலது பக்கம் காட்டினார், பின்னால் காட்டினார். அவருடைய முகம் மாறியது.

"தென்மேற்கு. அது அடுப்புக்கு ஆகாத மூலையெல்லோ! நிப்பாட்டு, நிப்பாட்டு!"

"கண்டி வீதியிலை நடுவிலை என்னண்டு மச்சான் நிப்பாட்டுறது?" அப்பா கத்தினார். பின்னால் வந்த மரக்கறி லொறி பாம் பாம் என்று அடித்தது.

சந்தையடியில் பஸ்ஸைத் திருப்பினார்கள். இப்போது வெயில் பின் கண்ணாடியால் வந்தது. இந்தமுறை உதயகலா கேட்க வேண்டியிருக்கவில்லை. மாமாவே கையை நீட்டிப் பார்த்தார்.

"வடகிழக்கு! ஈசான மூலை! கிணறு வெட்டுற மூலையிலை அடுப்பு!" என்று தலையில் கை வைத்தார். "சரி, இனிமேல் வடக்குப் பார்த்து மட்டும் ஓடுங்கோ."

"வடக்குப் பார்த்து ஓடினால் வல்வெட்டித்துறையிலை போய்க் கடலுக்கைதான் இறங்க வேணும்," என்றார் கனிசியஸ் அங்கிள். "பிறகு நான் சில்லைக் கழட்டிப்போட்டுத் துடுப்பு ஒட்ட வேணும்."

"அப்ப சமைக்கேக்கை மட்டும் வடக்கை திருப்பி நிப்பாட்டுங்கோ."

இப்போது அம்மாவுக்கே பொறுக்கவில்லை. "அண்ணை! வட்டப்பளைச் சனத்துக்கை நிப்பாட்ட இடம் கிடைக்கிறதே பெரிய காரியம். 'என்ரை அடுப்பு வடக்குப் பார்க்க வேணும், விலகுங்கோ' எண்டு நான் ஆரிட்டைப் போய்ச் சொல்ல?"

மாமா கையை மடியில் வைத்துக்கொண்டு யன்னலால் வெளியே பார்த்தார்.

வளவுக்குள் பஸ் வந்து நின்றதும் எல்லோரும் இறங்கினார்கள். கனிசியஸ் அங்கிளின் அலுமாரி ஆடவே இல்லை. மாமா மட்டும் அந்தக் கதிரையிலேயே இருந்தார்.

உதயகலா வென்றுவிட்டாள். குதிக்கத்தான் வேண்டும். ஆனால் மாமாவின் முகத்தைப் பார்த்ததும் குதிக்க மனம் வரவில்லை.

"ஏன் மாமா பேசாமல் இருக்கிறியள்?"

"என்ன சொல்ல, பிள்ளை?" மாமாவின் ஒலிபெருக்கிக் குரல் தணிந்திருந்தது. "மூலை இல்லாத வீடு எண்டு ஒண்டை நான் கண்டதில்லை. என்ரை தங்கச்சி உதுக்குள்ளை ஊர் ஊராத் திரியப் போறாள். ஒண்டும் ஆகிவிடக் கூடாதெண்டுதான் மூலை பார்த்தனான். உன்ரை கட்டிலோடை எனக்கென்ன கோபம்?"

உதயகலாவின் காது மெல்லப் பழைய நிறத்துக்கு வந்தது. மாமா அம்மாவுக்காகப் பயப்படுகிறார் என்று அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. அவர் இப்படியே வீட்டுக்குப் போனால் இரவு நித்திரை கொள்ள மாட்டார். என்ன செய்யலாம்? அவள் பஸ்ஸை முன்னும் பின்னும் பார்த்தாள். சட்டையைத் தடவிப் பார்த்தாள். சுட்ட இடம் இன்னும் எரிந்தது.

"மாமா! வீடு எந்தப் பக்கம் போகுதோ, அந்தப் பக்கம்தானே அதின்ரை முகம்?"

"ஓம், அப்பிடித்தான் சொல்ல வேணும்."

"அப்ப அந்த முகத்தையே இந்த வீட்டுக்குக் கிழக்கு எண்டு வைப்பம். எங்கை திரும்பினாலும் முன்பக்கம்தான் கிழக்கு. வீடு தன்ரை மூலையையும் கூட்டிக்கொண்டு ஓடட்டும்."

மாமா நெற்றியைச் சுருக்கினார். எழுந்து நின்றார். "முன்பக்கம் கிழக்கு. வலது பக்கம் தெற்கு." ஒரு கையை முன்னால் நீட்டினார், மற்றக் கையை வலது பக்கம் நீட்டினார். இரண்டுக்கும் நடுவில் நடந்து போனார். டிரைவர் சீற்றடிக்கு வந்து, "அப்ப அக்கினி மூலை இது," என்று உள்ளங்கையைப் பொத்தென்று வைத்தார்.

"ஆஆ! சுடுது!"

"எஞ்சினெல்லோ!" உதயகலா கைதட்டினாள். "நெருப்பு வர வேண்டிய மூலைக்கு ஏற்கெனவே வந்திட்டுது, மாமா! ஓடுற வீட்டுக்கு அதுதான் பெரிய அடுப்பு."

மாமா கையை ஊதிக்கொண்டே எஞ்சின் பெட்டியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். "அட! சரியாத்தான் வருது!"

"சோறு காய்ச்சிற அடுப்பு?" என்று வாசலில் நின்று அம்மா கேட்டார்.

"அது அம்மா நிக்க வசதியான இடத்திலை," என்றாள் உதயகலா. "அம்மாவைக் கேட்டு."

"வாசலுக்குப் பக்கத்திலை," என்றார் அம்மா. இந்தமுறை அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை. அண்ணையும் மறுக்கவில்லை.

அடுத்த நாள் கனிசியஸ் அங்கிள் அடுப்புத் தட்டை வாசலடியில் ஒட்டினார். உதயகலா தன் கட்டிலுக்கு மேலே ஒரு சின்னத் தட்டும் கேட்டு வாங்கினாள். அதில் நிறம் தீட்டும் பெட்டியை வைத்தாள். அடுத்த விடுமுறை வரைக்கும் அது அங்கேயே இருக்கும்.

தன் வீட்டுக்குப் புறப்படும்போது மாமா பஸ்ஸை இன்னொருமுறை சுற்றி வந்தார். அவருக்கும் ஆசை வந்துவிட்டது போலும். "வட்டப்பளைக்கு நானும் உங்களோடை ஒருக்கா வாறன். என்னை எங்கை படுக்க விடுவியள்?"

உதயகலா யன்னலால் எட்டிப் பார்த்தாள். "நீங்கள் விடுமுறைக்கு வாற மாமாதானே. ஒரு பாய் காணும்!"

அப்பா இருமினார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். மாமாவின் இரண்டு காதும் சிவந்தன. பிறகு அவர்தான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார்.

"காணும், பிள்ளை, காணும். ஆனால் தலையை எந்தப் பக்கம் வைக்கிறதெண்டு மட்டும் சொல்லிப்போடு. இந்த வீட்டுக்குக் கிழக்கு வைச்சவள் நீதானே!"