பவளந்தின்னிகள் இல்லாத ஊர்

தூத்துக்குடியில் பெண் பார்க்கப் போகிறவர்கள் இப்போதெல்லாம் முதலில் தொட்டியைத்தான் பார்க்கிறார்கள். பெண் எங்கே ஓடிவிடப் போகிறது? காபி வருவதற்குள் மாப்பிள்ளையின் அத்தை எழுந்து போய், வீட்டுக்கடல் என்கிற அந்தத் தொட்டியின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பாள். உள்ளே பவளம் பளபளவென்று விரிந்திருந்தால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரிதான்.

கடல் சூடேறிப் பவளத்திட்டு செத்துப்போன பிறகு வந்த ஏற்பாடு இது. சூடு தாங்கும் புதுப் பவளத்தை ஒரு கல்பலகையில் ஒட்டி, பவள வாரியத்தார் வீட்டுக்கொன்றாகக் கொடுத்தார்கள். வீட்டுத் தொட்டியில் வளர்த்து, பலகை நிறைந்ததும் ஊர்வலமாக எடுத்துப்போய்ச் செத்த திட்டின்மேல் பதிக்க வேண்டும். அதற்குக் கடலேற்றம் என்று பெயர். பவளம் தன் உடம்பைச் சுற்றிக் கல் கட்டுகிற பிராணி. அந்தக் கல் உயர்ந்தால் வருகிற அலை அதில் மோதி உடையும், கரையில் ஆள் குடியிருக்கலாம். திட்டு உயிரோடிருந்த காலத்தில் அலை உடைகிற இடம் கடலுக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். அதன் இரைச்சல் ஊருக்குள் கேட்கும்.

புதுப் பவளத்தை நம்பித் திட்டுக்கு நேர் பின்னால் புதுத்துறை என்று ஒரு குடியிருப்பே எழும்பிவிட்டது. ஊருக்குள் குடியிருந்த டெல்பின் அம்மாளின் ஒரே மகள் ஜெனோவா, புருஷனோடும் கைக்குழந்தையோடும் அங்கேதான் இருந்தாள். திட்டில் ஒரே ஓர் இடைவெளிதான் பாக்கி. அதுவும் ஜெனோவாவின் வாசலுக்கு நேரே. அந்த இடத்தை டெல்பினின் பலகைக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். மகளையும் பேத்தியையும் தன் கையால் வளர்த்த பவளம் காக்கப்போகிறது என்று அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை.

பவளத்துக்கு ஒரே சத்துரு தின்னி. அரிசி அளவு ஓடில்லா நத்தை. பவளத்தின் சதையைத் தின்று, அதன் நிறத்தையும் உள்ளே வாழும் பாசியையும் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டு, அதன்மேலேயே படுத்திருக்கும். முன்பெல்லாம் பலகையை மருந்துத் தண்ணீரில் முக்கி உலுக்குவார்கள். தின்னி உதிரும். ஆனால் கையெல்லாம் நாறும், சோற்றிலும் மருந்து வாடை அடிக்கும். பிறகு களையன் வந்தது. சுண்டைக்காய் அளவு நீந்தும் எந்திரம், ஒரு கண், ஒரு குறடு. பவளம் மாதிரி இல்லாத எதையும் கிள்ளி அரைத்துவிடும். வீட்டுக்கு வீடு பவளத்தின் சாயல் மாறும் என்பதால், எது பவளம் என்பதை அந்தந்தத் தொட்டியைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும். தொட்டியில் எது அதிகமோ அது பவளம். ஊரே மருந்துப் புட்டியைக் குப்பையில் போட்டது. டெல்பின் மட்டும் ஒன்றைப் பரணில் வைத்திருந்தாள். பிய்ந்த செருப்பைக்கூட எறிய மனசு வராத பெண்பிள்ளை அவள்.

இதற்கிடையே கிளை ஒடித்துக் கொடுக்கும் பழக்கம் வேறு. பக்கத்து வீட்டுப் பிலோமி தூக்குச்சட்டியில் தன் பவளத்தின் கிளை ஒன்றைக் கொண்டுவந்தால், சட்டியை வெறுமனே திருப்பிக் கொடுக்க முடியுமா? நம் வீட்டுக் கிளை ஒன்றைப் போட்டுத்தானே கொடுக்க வேண்டும்? இப்படி ஒரு வீட்டுப் பவளம் ஊர் முழுக்கச் சுற்றியது. கூடவே வேறென்ன சுற்றியது என்று யாரும் கேட்கவில்லை. களையன் இருக்க என்ன பயம்?

கடலேற்றத்தன்று காலை டெல்பின் பரணிலிருந்து புட்டியை இறக்கினாள். எதற்கு என்று புருஷன் மெல்கியார் கேட்டார்.

"பிள்ளைய கோயிலுக்கு அனுப்பணும்னா குளிப்பாட்டாமலா அனுப்புவிய?"

அவர் சிரித்துக்கொண்டே பூ வாங்கப் போய்விட்டார். டெல்பின் அண்டாவில் கடல்நீர் விட்டு, இருந்த மருந்தையெல்லாம் ஊற்றிப் பலகையை முக்கினாள். இரண்டு உலுக்குதான்.

பவளம் கழன்றது.

கிளை கிளையாக அல்ல. இதழ் இதழாக, மொத்தமாக வழிந்து அண்டாவின் அடியில் போய்ப் படிந்தது. அவள் கையில் மிஞ்சியது சாம்பல் நிறத்தில் செத்த கல். வாரியத்தார் கொடுத்த அன்று எவ்வளவு உயரமோ அதே உயரம். இத்தனை வருஷத்தில் ஒரு நூல் கல்கூட அதன்மேல் ஏறவில்லை. அடியில் கிடந்தவை நெளிந்தன. ஒவ்வொன்றும் பவளத்தின் ஊதா, ஒவ்வொன்றின் முதுகிலும் பவளத்தின் பூ. இதற்கா தினமும் விடிந்ததும் முகம் கழுவாமல் வந்து வணக்கம் சொன்னோம்?

பழைய மருந்து அவற்றைக் கொல்லவில்லை. பிடியை மட்டும் விடவைத்திருந்தது. பதறிப்போய்க் கல்லைத் தொட்டியில் போட்டு, அண்டாவையும் அப்படியே அதில் கவிழ்த்தாள். அவை ஏறத் தொடங்கின. அவசரமே இல்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறி, முட்டுக்கொடுத்து, அதனதன் இடத்தில் போய் நின்று பூவை விரித்தன. பழைய கிளை, பழைய வளைவு. பிலோமி கொடுத்த கிளைகூட அதே இடத்தில் முளைத்தது.

களையன் சுற்றி வந்தது. எதையும் தொடவில்லை. கல்லின் ஓரத்தில் மட்டும் நின்றது. அங்கே மிளகளவு ஏதோ ஒன்று கெட்டியாக, மங்கலாக ஒட்டியிருந்தது. தொட்டியில் மிச்சமிருந்த ஒரே பவளம். மற்றவை மாதிரி அது இல்லை. களையன் அதைக் கிள்ளி அரைத்துவிட்டு நகர்ந்தது.

அப்போதுதான் டெல்பினுக்கு விளங்கியது. இத்தனை காலமும் களையன் கொன்றது பவளம் மாதிரி இல்லாத தின்னிகளை. பவளம் மாதிரி இருந்தவை தப்பித்து முட்டையிட்டன. அதிலும் அச்சுஅசலாக இருந்தவை இன்னும் அதிகமாக. உடம்பில் ஏறிய பாசியை வைத்து வெளிச்சத்திலேயே பசியாறவும் கற்றுக்கொண்டன. பவளம் செய்கிற எல்லாவற்றையும் அவை செய்தன, கல் கட்டுவதைத் தவிர. கடலில் பதித்த பலகைகளில் இருப்பதெல்லாம் இதே சட்டிகளில் சுற்றிய கிளைகள்தான்.

மெல்கியார் வந்தபோது தொட்டி என்றும்போல அழகாக இருந்தது. புட்டியோ காலி, அண்டாவும் காலி. மறுபடி முக்கிக் காட்ட மருந்தில்லை. அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, அவள் வற்புறுத்தியதால் கையை விட்டு அழுத்திப் பார்த்தார். விரல் கல்வரைக்கும் இறங்கியது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"இளம் பவளம் மெத்துனுதான் இருக்கும்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "வாரியத்துல களையன வெச்சுப் பாத்து, சுத்தம்னு சொல்லிட்டாவல்ல."

ஊர்வலம் வாசலுக்கு வந்தது. பாண்டு வாத்தியம், பூ, குழந்தைகள். டெல்பின் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கொடுக்க மாட்டேன் என்றாள். இது பவளமில்லை, திட்டில் இருப்பதும் பவளமில்லை, புதுத்துறைக்காரர்களைக் கிளப்புங்கள் என்று தொண்டை கட்டும்வரை கத்தினாள். ஒருவரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. பிலோமி அருகே வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல், பலகையிலிருந்து பிரித்தாள்.

"மைனி, நீங்க இப்படி ஓரமா உக்காருங்க. ராத்திரி தூங்கிருக்க மாட்டிய."

இரண்டு பெண்கள் அவளை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். ஊர்வலம் அவளில்லாமல் நகர்ந்தது.

வெகுநேரம் கழித்து, கூட இருந்த பெண்கள் அசந்தபோது, அவள் ஆட்டோ பிடித்துப் புதுத்துறைக்கு ஓடினாள். ஜெனோவா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அம்மா ஊர்வலத்தை மறித்த செய்தி அதற்குள் வந்துவிட்டிருந்தது. அலையைப் பெருக்கும் வாடைக்காற்று அன்றுதான் தொடங்கியிருந்தது. தூரத்தில் படகுகள் பலகையை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தன.

"இடைவெளிய அடைச்சாச்சும்மா. கடல் எவ்வளவு அமைதியா இருக்கு, பாத்தியளா? முன்ன ஒரு வெள்ளைக் கோடு தெரியும், சத்தம் காதைப் பிளக்கும்னு சொல்லுவிய. ஒண்ணுமே இல்ல."

டெல்பின் பார்த்தாள். வெள்ளைக் கோடு இல்லைதான். அலை திட்டின்மேல் ஏறி, எதிலும் மோதாமல், முழுசாக இந்தப் பக்கம் இறங்கி வந்துகொண்டிருந்தது. கிளம்பு மக்களே என்று மகளின் கையைப் பிடித்தாள். எங்கே கிளம்ப, ஊரே இங்கேதானே இருக்கிறது என்றாள் மகள். உள்ளே மருமகன், மாமியைக் கொண்டுபோய் அவர்கள் வீட்டிலேயே விட்டுவிடலாமா என்று கேட்பது காதில் விழுந்தது. மகள் இல்லை என்று சொல்லவில்லை.

தன்னையும் கிள்ளி எடுத்துவிடுவார்கள் என்று டெல்பினுக்குத் தெரிந்தது. பிறகு இந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் விஷயம் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கலைந்த தலையை ஒதுக்கிவிட்டாள். அதற்குள் கரைசேர்ந்த படகுகளிலிருந்து இறங்கிய பெண்களின் முகத்தில் இருந்த அதே சிரிப்பைத் தன் முகத்திலும் வரவைத்துக்கொண்டாள்.

"ஆமா மக்களே, அமைதியாத்தான் இருக்கு. ரெண்டு நாள் இங்க இருந்துட்டுப் போறேனே."

ஜெனோவாவுக்கு நிம்மதி. மருமகன் வந்து காபி சாப்பிடுங்கள் மாமி என்றான். டெல்பின் பேத்தியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றாமல், சாலையைப் பார்த்தபடி வாசலிலேயே உட்கார்ந்தாள். போகிற வருகிறவர்களெல்லாம் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.